உட்கார்ந்ததற்கு ஒரு டிக்: தியானம் பாதியில் நின்றுபோகாமலிருக்க ஒரு ஷிப்ட்காரனின் வழிகாட்டி

நான் தியானத்தை நான்கு தடவை விட்டவன். முதல் தடவை பதினெட்டாம் நாளே போச்சு. இரண்டாவது தடவை மாங்காய் சீசன் வந்து அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது ஏன் நின்றது என்று ஞாபகமே இல்லை. நான்காவது தடவைதான் மோசம். ஐந்து மாதம் எப்படியோ ஓட்டியிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், "இத்தனை நாள் உட்கார்ந்து என்னதான் கிடைத்தது?" என்று என்னையே கேட்டேன். பதில் வரவில்லை. பாயைச் சுருட்டி பீரோ மேலே போட்டுவிட்டேன்.

ஐந்தாவது தடவை ஆரம்பித்தது 2022 தை மாதம். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீடு காவேரிப்பட்டணம் பக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில், தர ஆய்வுப் பிரிவு, மூன்று ஷிப்ட்: ஏ காலை, பி மதியம், சி ராத்திரி. மாமனார் வீடு பாலக்கோட்டுப் பக்கம், பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். நான் ஆசிரியரோ சாமியாரோ கிடையாது. தியானம் கற்றுக்கொடுக்க நம் பக்கத்திலேயே ஆள் நிறைய உண்டு. கற்றுக்கொண்ட பிறகு, இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு காலம் வரும் பாருங்கள், அங்கே கைகொடுக்கத்தான் ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. ஒரு முறையைப் பிடியுங்கள், ஆறு மாதம் மாற்றாதீர்கள்

வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றத்தில் தீட்சை வாங்கியிருந்தால், புருவ மத்தியில் மனசை வைக்கும் ஆக்கினைத் தவத்தையே செய்யுங்கள். பத்து நாள் பேசாமல் இருந்து மூச்சையும் உடம்பின் உணர்ச்சிகளையும் கவனிக்கும் விபாசனா போனவராக இருந்தால் அதையே. பிரம்மாகுமாரிகள் சொல்லிக்கொடுத்ததா, அதுவும் சரி. எது உசத்தி என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம்.

செலவு என்று பார்த்தால், விபாசனாவுக்கும் பிரம்மாகுமாரிகள் அடிப்படை வகுப்புக்கும் கட்டணம் கிடையாது. மனவளக்கலை மன்றங்களில் ஆரம்ப வகுப்புக்கு வாங்குவது சாதாரணக் குடும்பம் கொடுக்கக்கூடிய தொகைதான். மன்றத்துக்கு மன்றம் மாறும், நேரில் கேட்டுவிடுங்கள்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று யூடியூப். திங்கட்கிழமை மூச்சு, புதன்கிழமை சக்கரம், வெள்ளிக்கிழமை காதில் ஹெட்போன் மாட்டி ஏதோ அதிர்வெண். எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல், "எனக்குத் தியானமே வரல" என்று முடித்துக்கொள்வோம்.

இன்னொன்று பணம் பிடுங்கும் பள்ளம். இரண்டாம் மாதம் சலிப்புத் தட்டியபோது ஓர் இடத்தில் போய், முன்னேற்றம் தெரியவில்லை என்று சொன்னேன். "நீங்க அடுத்த லெவலுக்குத் தயாராயிட்டீங்க" என்றார்கள். 9,000 ரூபாய் கட்டினேன். அடுத்த லெவலிலும் அதே கால் மரப்பு, அதே கொட்டாவி. சலித்துப்போயிருக்கும் நேரத்தில் எந்த மேல்வகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள். ஆறு மாதம் உட்கார்ந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

2. மணியோடு கட்டாதீர்கள், தினசரி வேலையோடு கட்டுங்கள்

"பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்யணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் அது. ஏ ஷிப்ட் வாரத்தில் அந்த நேரம் நான் கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பேன். முதல் தடவை நான் விட்டதற்கு இந்த முகூர்த்தம்தான் காரணம். நேரம் தவறியது, சரி இன்றைக்குப் பலன் இல்லை என்று விட்டேன், அப்படியே போய்விட்டது.

இப்போது எனக்கு மணிக்கணக்கு கிடையாது, வேலைக்கணக்குதான். ஏ ஷிப்ட் என்றால் மதியம் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பாட்டுக்கு முன். பி ஷிப்ட் என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன கையோடு. சி ஷிப்ட் முடித்து வரும்போது உட்காரவே மாட்டேன். அது தியானம் ஆகாது, சுவரில் சாய்ந்து தூங்குவதற்கு இன்னொரு பெயர். தூங்கி எழுந்து, முகம் கழுவி, சாயங்கால டீக்கு முன் உட்காருவேன்.

உங்களுக்கும் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலை இருக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவது, வாசல் தெளிப்பது, கடை ஷட்டரை இறக்குவது, எதுவானாலும் சரி. அந்த வேலை முடிந்த கையோடு உட்காருவது என்று வையுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைக்கவே கிடைக்காது.

சாப்பாடு ஒரு விஷயம். ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பத்தாவது மூச்சில் தலை தொங்கிவிடும். சாப்பாட்டுக்கு முன் உட்காருங்கள், இல்லையென்றால் இரண்டு மணி நேரம் தள்ளி.

இன்னொரு தவறான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்பார்கள். நான் 21 நாள் எண்ணி, 22ஆம் நாள் தானாக உட்கார்ந்துவிடுவேன் என்று காத்திருந்தவன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து, புதுப் பழக்கம் ஒன்று தானாக வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை போனது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதிலேயே கண்டார்கள். நான் 254 பக்கத்து ஆள் என்று எடுத்துக்கொண்டபோது மனசு லேசாகிவிட்டது.

3. குறைந்தபட்சம் ஐந்து நிமிடம்

என் வழக்கமான அளவு இருபது நிமிடம். ஆனால் நான் எனக்குக் கொடுத்திருக்கும் வாக்கு ஐந்து நிமிடத்துக்கு மட்டும்தான். காய்ச்சலோ, விருந்தாளியோ, பிள்ளைக்குப் பரீட்சையோ, ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

இதை ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். நான்காவது தடவை "தினமும் நாற்பது நிமிடம், குறைந்தால் செய்ததாகவே அர்த்தமில்லை" என்று ரோஷமாக வைத்திருந்தேன். நாற்பது நிமிடம் கிடைக்காத நாளெல்லாம் பூஜ்யம் ஆயின. வாரத்துக்கு மூன்று பூஜ்யம் விழுந்தால் எந்த மனிதனுக்கும் வெறுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: நன்றாகப் போகிற நாளில் நேரத்தைக் கூட்டாதீர்கள். இன்றைக்கு அருமையாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் இழுத்தால், நாளைக்கு இருபது நிமிடம் உங்களுக்குச் சப்பென்று தெரியும். கூட்டுவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து ஐந்து நிமிடமாக.

4. இடம், ஆசனம், செலவு

எனக்கு ஆன செலவு இவ்வளவுதான்: கோரைப்பாய் 300 ரூபாய், இலவம்பஞ்சுத் தலையணை 250, நோட்டு 40. தலையணையை மடித்துப் பிட்டத்துக்குக் கீழே வைத்தால் முட்டி தரையைத் தொடும், முதுகு நிற்கும். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். பாதம் இரண்டும் தரையில் படட்டும், முதுகு சாயாமல் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் ஏறாது என்று எங்கள் சித்தப்பா சொன்னார். அவர் தரையிலும் உட்கார்ந்ததில்லை.

கொசுவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் உட்காருகிறவர்கள் கொசு வலைக்குள் உட்காருங்கள். வைராக்கியத்தைக் கொசுவிடம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. மார்கழி ஸ்பீக்கர், எருது விடும் விழா வெடி, பாரதக் கூத்து மைக் இதெல்லாம் நம் ஊரில் நிற்காது. அமைதியான இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால் தேடிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

5. நோட்டில் என்ன எழுதுவது, என்ன எழுதக்கூடாது

மொத்தக் கட்டுரையிலும் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

நான் பார்ப்பது அளவெடுக்கும் வேலை. லேத்தில் கடைந்து இறங்கும் இரும்பு உருப்படியை ஜாப் என்போம். அது சூடாக இருக்கும்போது அளந்தால் அளவு கூடக் காட்டும், ஏனென்றால் இரும்பு சூட்டில் விரிந்திருக்கும். ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். அளவுக்கான நியம வெப்பநிலை என்று 20 டிகிரி செல்சியஸை உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் பையன்கள் அவசரத்தில் சூட்டோடு அளந்து, நல்ல ஜாப்பை ரிஜக்ட் போட்டுவிடுவார்கள். தியானத்தில் நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போதே, "இன்றைக்கு மனசு அடங்கியதா? நேற்றைவிடப் பரவாயில்லையா?" என்று அளந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்து அளவு எப்போதும் தப்பாகத்தான் வரும். அலைகிற மனசே தன்னை அளந்தால் வேறெப்படி வரும்?

அதனால் நோட்டில் நான்கே கட்டம்: தேதி, ஷிப்ட், எத்தனை நிமிடம், டிக். "எப்படி இருந்தது" என்று ஒரு கட்டம் போடாதீர்கள். பத்துக்கு எத்தனை மார்க் என்றும் போடாதீர்கள். ஒளி தெரிந்தது, உடம்பு மிதந்தது என்று எழுத ஆரம்பித்தால், அடுத்த நாள் அது வரவில்லையே என்று அதற்காகவே உட்காருவீர்கள். என் பழைய நோட்டு ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேராக "நீல ஒளி!!" என்று ஆச்சரியக்குறி இரண்டு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு பதினோரு நாள், "ஒளி இல்லை", "ஒளி இல்லை". பன்னிரண்டாம் நாள் பக்கம் காலி.

போன் ஆப்பில் தொடர் நாள் கணக்கு வைப்பவர்கள் கவனியுங்கள். என்னுடைய கணக்கு 97 நாள் வரை போனது. ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுந்தேன், ஆனால் சார்ஜ் இல்லாமல் போன் அணைந்திருந்தது. காலையில் பார்த்தால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து. உட்கார்ந்தது உண்மை, ஆனாலும் என்னவோ சொத்து பறிபோன மாதிரி இருந்தது. நோட்டு நாற்பது ரூபாய். அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

சரி, அப்படியானால் முன்னேற்றத்தை எப்போது அளப்பது? மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதையும் நீங்கள் அளக்காதீர்கள், கூட இருக்கிறவர்கள் அளக்கட்டும். நான் பொங்கல், சித்திரை, ஆடி, ஐப்பசி என்று வைத்திருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி: கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது? படுத்தால் தூக்கம் எப்படி? பிள்ளைகளிடம் பேசும்போது போனைக் கீழே வைக்கிறேனா? என் வீட்டுக்காரியிடம் கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதுவேன்.

முதல் சித்திரையில் அவர் சொன்னது: "அப்படி ஒன்னும் தெரியலைங்களே." எழுதினேன். ஆடியில் சொன்னது: "கத்தறது குறையலைங்க. ஆனா கத்திட்டு அரைமணி நேரத்துல நீங்களே வந்து பேசறீங்க. முன்னாடியெல்லாம் ரெண்டு நாள் ஆகும்." எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபமே வராது என்று நான் ஏழு மாதம் காத்துக்கொண்டிருந்தேன். மாறிக்கொண்டிருந்தது கோபம் தங்கும் நேரம். அதை என்னால் பார்க்க முடிந்திருக்காது, ஏனென்றால் எனக்கு அந்த அரைமணி நேரமும் கோபம்தானே.

வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட வேலை செய்யும் ஒருவரிடம் கேளுங்கள். நீங்கள் தியானம் செய்வது அவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

6. ஒன்றுமே நடக்காத காலத்தைக் கடப்பது

பெரும்பாலும் இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் வரும். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்குத் தடை என்று ஒன்பது சொல்கிறார். நோய், மந்தம், சந்தேகம் என்று போகும் அந்த வரிசையில் எட்டாவது, ஒரு படியும் எட்டாமல் நிற்பது. ஒன்பதாவது, எட்டிய படியில் நிலைக்காமல் போவது. அந்தக் காலத்திலேயே நம்மைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது.

இந்தக் காலத்தில் எப்படி இருப்பது என்பதை நான் மாமியார் வீட்டுப் புழு மனையில் கற்றுக்கொண்டேன். பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முன் நான்கு தடவை தோல் உரிக்கும். அந்த நேரத்தில் இலை தின்னாது. தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், செத்துவிட்டதோ என்று தோன்றும். புதிதாகப் புழு வளர்க்கிறவர்கள் பதறிப்போய் மேலும் மேலும் இலை போடுவார்கள். இலை கிடந்து அழுகி, தட்டு ஈரமாகி, நோய் வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் இலையை நிறுத்தி, சுண்ணாம்புத் தூளைத் தூவி, தட்டைக் காய வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். நான் ஒரு தடவை குச்சியால் தொட்டுப் பார்க்கப் போனபோது மாமியார், "மாப்ள, கைய வெக்காதீங்க. அது வேல அது பாக்குது" என்றார். நான்காவது தோல் உரித்து எழுந்த பிறகு அது தின்கிற தீனி இருக்கிறதே, மொத்த வாழ்நாளில் தின்னும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான்.

புழுவுக்கு உள்ளே தோல் மாறுகிறது என்று நமக்குத் தெரியும். எனக்கு உள்ளே என்ன மாறுகிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் உவமையை இழுத்துக்கொண்டு போய், உங்களுக்கும் கூடு கட்டும் காலம் வரும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான் எடுத்துக்கொண்டது அந்தக் கை வைக்காத பழக்கத்தை மட்டும். சலிப்பான காலத்தில் நேரத்தைக் கூட்டாதீர்கள், புது மந்திரம் சேர்க்காதீர்கள், ஊதுபத்தியை மாற்றாதீர்கள். அதே பாய், அதே இருபது நிமிடம், முடியாவிட்டால் ஐந்து.

இந்தக் காலத்தில் வரும் தொல்லைகளுக்குத் தனித்தனியாக:

தூக்கம் வந்தால் முதலில் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் உங்களுக்குத் தேவை தூக்கம்தான், தியானத்தைக் குறை சொல்ல வேண்டாம். நன்றாகத் தூங்கியும் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, எதிரில் தரையைப் பார்த்தபடி உட்காருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எழுந்து பத்து நிமிடம் மெதுவாக நடங்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

எண்ணம் முன்னைவிட அதிகமாக வருகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். டி.வி.யை நிறுத்திய பிறகுதான் ஃபேன் சத்தம் காதில் விழும். ஃபேன் முன்னாடியே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கால் மரத்தால் காலை மாற்றுங்கள். அசையாமல் இருப்பதற்கு மெடல் கிடையாது. ஆனால் அரிப்பு, லேசான வலி மாதிரி சின்னச் சின்ன உபத்திரவத்துக்கு உடனே கை போக வேண்டாம். பத்து மூச்சு பொறுத்துப் பாருங்கள், பாதி தானே போய்விடும்.

ஆக்கினைத் தவம் செய்கிறவர்களுக்கு நெற்றியில் அழுத்தம், தலை பாரம் வரலாம். அதற்குத்தான் முதுகுத்தண்டின் அடியில் மனசை வைக்கும் சாந்தி தவம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்றிருந்தும் அதை நான் செய்யாமல் விட்டு, ஒரு மாதம் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு அலைந்தேன். பாரம் தெரிந்தால் அன்றைக்கே மன்றத்து ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

7. விட்டுப்போனால் திரும்பி வருவது எப்படி

விட்டுப்போகும். அதில் சந்தேகம் வேண்டாம். எங்கள் வீட்டில் மே கடைசியிலிருந்து ஜூலை வரை மாங்காய். விடியற்காலை பறிப்பு, மதியம் மண்டி, ராத்திரி கூழ் ஃபேக்டரி வாசலில் லோடு வண்டிகளின் வரிசையில் காத்திருப்பு. உங்களுக்கு அது தக்காளியாகவோ, கல்யாண சீசனாகவோ, மார்ச் மாத ஆடிட்டாகவோ இருக்கலாம். விட்டுப்போகக்கூடிய மாதங்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த மாதங்களில் இலக்கே ஐந்து நிமிடம்தான், இருபது கிடையாது. என் இரண்டாவது தோல்வியை நினைத்து ஐந்தாவது தடவையில் செய்த இந்த ஒரு மாற்றம்தான் அடுத்து வந்த மாங்காய் சீசன்களைத் தாண்ட வைத்தது.

ஒரு நாள் விட்டால் மறுநாள் உட்காருங்கள், அவ்வளவுதான். விட்ட நாளுக்குச் சேர்த்து இரண்டு மடங்கு செய்யாதீர்கள். அது தண்டனை மாதிரி ஆகிவிடும், தண்டனைக்கு யாரும் ஆசையாகப் போவதில்லை. பத்து நாள், ஒரு மாதம் என்று விட்டிருந்தால் நல்ல நாள் பார்க்காதீர்கள். "வர்ற வெள்ளிக்கிழமையிலிருந்து", "தை பிறந்ததும்" என்றால் போச்சு. இதைப் படித்து முடித்ததும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நோட்டில் விட்ட நாட்களைக் காலியாகவே விட்டுவிடுங்கள். புது நோட்டு வாங்காதீர்கள். நான் வாங்கிய புது நோட்டுகள் மூன்று இன்னும் வீட்டில் கிடக்கின்றன, பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள்.

8. வாரத்துக்கு ஒரு முறை ஆளோடு உட்காருங்கள்

தனியாக இருபது நிமிடம் உட்காருவதைவிட பத்துப் பேரோடு உட்காருவது சுலபம். அது ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. மன்றங்களில் வாரக் கூட்டுத் தவம் நடக்கும், எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். விபாசனா முடித்தவர்கள் சில ஊர்களில் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்காருவார்கள், முகாம் முடிக்கும்போதே விசாரித்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரே ஒரு நண்பர் போதும். எனக்கு ராயக்கோட்டையில் ஒருவர் இருக்கிறார். உட்கார்ந்து எழுந்ததும் ஒருவருக்கொருவர் வாட்சப்பில் ஒரு புள்ளி மட்டும் அனுப்புவோம், பேச்சு கிடையாது. மூன்று நாள் புள்ளி வரவில்லையென்றால், "என்னண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர் போன் செய்துவிடுவார்.

பெரிய குரூப்பில் சேராதீர்கள். காலை வணக்கம் படங்களும், யாருக்கு என்ன அனுபவம் கிடைத்தது என்ற கதைகளுமாக இருக்கும். அடுத்தவருடைய நீல ஒளியைக் கேட்டால் நம் டிக் சின்னதாகத் தெரியும்.

9. நோட்டு போதாத இடம்

சலிப்பு வேறு, இது வேறு. உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்துப் பயம் வருகிறது, பல நாள் தூக்கமே வரவில்லை, யாரோ பேசுவது மாதிரி கேட்கிறது, எதிலும் பிடிப்பில்லாமல் வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், தியானத்தை உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். "கர்மா கழியுது, பொறுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தியானத்தை நம்பி நிறுத்தவே கூடாது.

10. பத்து நாள் போய் வருவது: விண்ணப்பம், லீவு, செலவு

ஒரு வருடம் ஓட்டிய பிறகு எங்காவது போய் உட்கார்ந்து வந்தால் தெம்பாக இருக்கும். மனவளக்கலைக்காரர்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு மையம் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நாள் போதும் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை பஸ், சுமார் 100 கிலோமீட்டர். ரமணாசிரமத்தில் போய் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

நான் போனது விபாசனா பத்து நாள் முகாம். நான் யோசித்தது இரண்டு மையம்: பெங்களூரில் தும்கூர் சாலைப் பக்கம் தம்ம பபுல்லா, சென்னையில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது. தூரம் பார்த்தால் பெங்களூர்தான் பாதி. நான் தமிழுக்காகச் சென்னை போனேன். எங்கே போட்டாலும், தினசரி உரையை எந்த மொழியில் கேட்க வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பெயர் பத்து நாள் என்றாலும் லீவுக்குப் பன்னிரண்டு நாளாக எண்ணுங்கள். முந்தின நாள் மதியத்துக்கு மேல் போய்ச் சேர வேண்டும். பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள். நடுவில் கிளம்ப மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் சேர்க்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஈ.எல்., அதாவது சம்பளத்தோடு கூடிய லீவு, பதினைந்து நாள் முன்னால் எழுதிக்கொடுக்க வேண்டும். நான் முதல் தடவை லீவை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தேன், இடம் நிரம்பியிருந்தது. வரிசை இதுதான்: இணையதளத்தில் தேதி பார்ப்பது, விண்ணப்பம், உறுதி வந்த பிறகு லீவு. இடம் உறுதியான பிறகும் வருகிறீர்களா என்று மறுபடி கேட்டு மெயிலோ குறுஞ்செய்தியோ வரும். அதற்குப் பதில் போடாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மெயில் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் அந்தச் சில வாரம் தினமும் பாருங்கள், குப்பைப் பெட்டி உட்பட.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள். நேரில் போகும்போது அடையாள அட்டை அசலும் நகலும், வழக்கமான மாத்திரை, படுக்கை விரிப்பு, தொளதொள உடுப்பு, அலாரம் கடிகாரம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். புத்தகம், பேனா கூடாது, எனவே நம் நோட்டுக்கும் பத்து நாள் லீவு. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். புதியவர்களுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது, ஐந்து மணிக்கு டீயும் பழமோ பொரியோதான். முதல் இரண்டு நாள் களி ஞாபகம் வரும், அப்புறம் பழகிவிடும்.

தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. முடித்த பிறகு விருப்பமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம். எனக்குப் பூந்தமல்லியில் இறங்கி, குன்றத்தூர் வழியாகப் போக வர பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட மையத்தின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு நிம்மதி இருக்காது, அதை நினைத்து உங்களுக்கும் இருக்காது.

திரும்பி வந்ததும் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். நானும் அந்த வேகத்தில்தான் ஊருக்கு வந்தேன். மறுநாள் ஏ ஷிப்ட். திரும்பும்போது சூளகிரி தாண்டி கம்பெனி பஸ் பஞ்சர். வீட்டுக்கு வந்து சேர ஐந்து மணி. திண்ணையில் பெரியம்மா குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, அடுப்பில் கறி கொதிக்கிறது, உள்ளே பிள்ளைகள் சண்டை. குளித்துவிட்டுக் கொசு வலைக்குள் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். அந்தத் தேதிக்கு நேராக ஏ ஷிப்ட், 5, டிக் என்றுதான் நோட்டில் இருக்கிறது.